‘மீறினார்கள்’ என்று எல்லோரையும் எழுதலாமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் பத்திரிகையின் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில், அடிமூலையில், ஒற்றைப் பந்தியில் ஒரு செய்தி வந்திருந்தது. ‘நீர்ப்பாசன ஒழுங்குவிதிகளை மீறிய 14 விவசாயிகள்’ என்று தலைப்பு. அந்த 14 பேரும் எங்கள் வாய்க்கால்காரர். பெயர் போடாமல் விட்டதற்கு நன்றி. ஆனாலும் எங்கள் வயல் வாய்க்காலில் காணி உள்ளவர்கள் மொத்தமே 30 பேருக்குள்தான். அன்று காலை எட்டு மணிக்குள் அந்த 14 பேரும் யார் யார் என்று தேநீர்க் கடையில் கணக்குப் பார்த்து முடித்துவிட்டார்கள்.

செய்தியை மறுப்பதற்காக நான் எழுதவில்லை. 14 என்ற எண்ணிக்கை சரி. நாள் சரி. அதில் வந்த ‘மீறிய’ என்ற ஒரு சொல்லைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஒரு சொல்லுக்காக இவ்வளவு நீளக் கடிதமா என்று நினைப்பீர்கள். இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் முழுக்க வாசித்துவிட்டு வெட்டுங்கள்.

நான் கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் கமம் செய்பவன். வயது 68. எங்கள் கமக்காரர் அமைப்புக்கு 11 வருடம் செயலாளராக இருந்தேன். கூட்டக் குறிப்பு, அறிவித்தல், கந்தோர்களுக்கு முறைப்பாடு, அதற்கு வந்த பதிலுக்குப் பதில் என்று எழுதி எழுதியே கை தேய்ந்தவன். தமிழ்ப் பண்டிதன் இல்லை. உயர்தரத்தில் தமிழ் ஒரு பாடமாகப் படித்தேன், அதோடு சரி. மண்வெட்டி பிடித்த கைக்கு இலக்கணம் எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். இந்தக் கடிதத்தைப் பார்த்தாலும் கேட்பார்கள்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சிறுபோகத்துக்கு, அதாவது வெயிற்கால நெல்லுக்கு, முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், யாருக்கு எவ்வளவு பங்கு, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, தண்ணீர் திறப்பது என்றைக்கு, மாடுகளை வயற்பக்கத்திலிருந்து எந்தத் திகதிக்குள் அகற்றுவது, வாய்க்கால் துப்புரவு எந்தத் திகதிக்குள் முடியவேண்டும், எல்லாம் அங்கேதான் தீர்மானிப்பார்கள். எங்களுக்குத் தண்ணீர் தரும் இரணைமடு இப்போது 36 அடிக் குளம். அது நிரம்பி நின்றாலும், காலபோகத்தில் மழையோடு சேர்த்து விதைக்கும் காணி முழுவதற்கும் சிறுபோகத்தில் தண்ணீர் காணாது. அதனால்தான் பங்கு, அதனால்தான் திகதி, அதனால்தான் முறை. இதை எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரைப் பங்குபோட்டுக் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

இம்முறை எங்கள் வயல் வாய்க்காலில் 13 பேர் தங்கள் பங்குக்குரிய வாய்க்கால் துண்டைக் குறித்த திகதிக்குள் துப்புரவாக்கவில்லை. அவர்களில் எட்டுப் பேரின் துண்டு, பெரிய முடக்குக்குக் கீழே இருக்கிறது. அந்த முடக்கில் மண் இறுகிக் கிடந்ததால் பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) பிடித்துத் தருவதாக எங்கள் அமைப்பே சொல்லியிருந்தது. பெக்கோ வந்து சேர்ந்தது திகதி முடிந்து நான்காம் நாள். மூன்று பேர் தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் பெண்கள். கூலிக்கு ஆள் பிடித்துத்தான் அவர்கள் வாய்க்கால் வெட்டவேண்டும். பிடித்த ஆட்கள் வேறிடத்தில் கூடச் சம்பளம் என்று போய்விட்டார்கள். ஒருவர் மகளின் பிரசவத்துக்கு வவுனியாவில் நின்றார். ஒருவருக்குக் காலில் கம்பி ஏறிப் புண்.

பதினான்காமவர் வேறு வகை. தன் துண்டைத் திகதிக்கு முன்பே துப்புரவாக்கியவர். தண்ணீர் திறந்த முதற் கிழமையிலேயே, இரவில், வாய்க்காலுக்குக் குறுக்கே மண்மூட்டை அடுக்கி, கடைசிக் காணிக்காரனின் முறைத் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பினார். விடிய மூட்டையை எடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பார். நித்திரையாகிவிட்டார்.

இந்த 14 பேரையும் தங்கள் செய்தி ஒரே கயிற்றில் கட்டிவிட்டது: ‘மீறிய’.

‘மீ’ என்றால் மேல். ‘மீது’ என்பதும் அந்த வழியில் வந்ததுதான். மீறுவதென்றால், ஒன்று குறுக்கே இருக்கிறது என்று தெரிந்து அதற்கு மேலால் போவது. நாங்கள் ‘மீறு’ என்ற சொல்லை ‘வரம்பு’ என்ற சொல்லோடு சேர்த்தே கேட்டுப் பழகியவர்கள். வரம்பு எங்களுக்கு வெறும் உவமையாக இருக்கவில்லை. நாள்தோறும் காலில் மிதிபடுவது அது. ஒரு முழ அகலம், அறுகம்புல், நண்டுப் பொந்து. பக்கத்து வயற்காரன் ஒவ்வொரு வருடமும் வரம்பு செதுக்குகிற சாட்டில் மண்வெட்டியை நாலு விரல் எங்கள் பக்கம் சாய்த்து வெட்டுவான். பத்து வருடத்தில் ஒரு பாத்தி போய்விடும். அது மீறல். அதற்கு யாரும் கடிதம் அனுப்பியதும் இல்லை, செய்தி போட்டதும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2018 மார்கழி வெள்ளத்தில் தண்ணீர் வீதியை ‘மேவி’ப் பாய்ந்தது என்றுதான் இங்கே எல்லோரும் சொன்னோம். மேவுவதும் மேலால் போவதுதான். ஆனால் வெள்ளத்துக்கு வீதி என்றும் வேலி என்றும் தெரியாது. அதனால் ‘மீறி’ என்று வாயில் வரவில்லை, ‘மேவி’ என்றே வந்தது. எழுத்து வாசிக்கத் தெரியாத ஆச்சிகூடச் சரியான சொல்லைத்தான் எடுத்தாள்.

கொஞ்சம் இலக்கணம். பொறுத்துக்கொள்ளுங்கள். வரம்பை மீறினான் என்கிறோம், அது இரண்டாம் வேற்றுமை. தீர்மானத்துக்கு இணங்கினான் என்றால் நான்காம் வேற்றுமை. நெறியிலிருந்து வழுவினான் என்றால் ஐந்தாம் வேற்றுமை, நீங்கற் பொருள். பள்ளிக்கூடத்தில் இதற்கு ‘மலையின் வீழருவி’ என்று உதாரணம் படித்திருப்பீர்கள். மீறுகிறவன் விதியைச் செயப்படுபொருளாக்கி அதன்மேல் ஒன்றைச் செய்கிறான். வழுவுகிறவன் அருவி மலையிலிருந்து விழுவதுபோல விதியிலிருந்து கீழே விழுகிறான், விதியை அவன் ஒன்றும் செய்யவில்லை. துப்புரவாக்கத் தவறினான் என்னும்போது வேற்றுமை உருபே இல்லை, செய்யாமற்போன வேலை மட்டும் முன்னால் நிற்கிறது. யார் என்ன செய்தார் என்பதை ‘ஐ’யும் ‘கு’வும் ‘இலிருந்து’வும் அளந்து வைத்திருக்கும்போது, அளவுகோலைத் தூக்கி எறிந்துவிட்டு எல்லாவற்றுக்கும் ‘ஐ’ போட்டால் எப்படி?

தங்களை மட்டும் குறை சொல்லக்கூடாது. நானும் இதில் அடிபட்டவன்தான்.

2013 சிறுபோகம். முறைத் தண்ணீருக்கு இரவு பகலாக நேரம் பிரித்துக் கொடுத்திருந்தோம். தன் நேரத்துக்கு வந்து மடை திறக்காதவனின் தண்ணீர் அடுத்தவனுக்குப் போகும். வராதவர்களின் பெயரை எழுதிப் பொதுநோக்கு மண்டபச் சுவரில் ஒட்டுவது செயலாளரின் வேலை. நான் பெரிய எழுத்தில் ‘முறை தவறியோர் விபரம்’ என்று தலைப்புப் போட்டு, கீழே ஏழு பெயரை வரிசையாக எழுதி ஒட்டிவிட்டு வந்து படுத்துவிட்டேன். முதற் பெயர் பேரப்பிள்ளை கண்ட ஒரு மனிதருடையது. பின்னேரம் அவருடைய மனைவி எங்கள் படலையில் வந்து நின்றார். கையில் ஒன்றும் இல்லை, ஆனால் இருந்திருக்கலாம் போலத் தோன்றிய முகம்.

“அண்ணை, இவர் முறை தவறினவர் எண்டு ஒட்டியிருக்கிறியள். ஆரோட எண்டும் எழுதியிருக்கலாமே.”

எனக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. முறை என்றால் எங்கள் ஊரில் மச்சான் முறை, மாமன் முறை. முறை தவறுவது என்றால் என்னவென்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் வாய்க்காலுக்குள்ளேயே வாழ்ந்து வாழ்ந்து, முறை என்றால் தண்ணீர் முறை மட்டுமே என்று ஆகிவிட்டிருந்தேன். இரவோடு இரவாக ரோர்ச் லைற்றோடு போய்க் கிழித்து, ‘தண்ணீர் முறையைத் தவறவிட்டோர்’ என்று எழுதி ஒட்டினேன். தவறியோருக்கும் தவறவிட்டோருக்கும் இடையில் சில எழுத்துத்தான் வித்தியாசம். அந்த மனுசி இன்றைக்கும் என்னைக் கண்டால் “செயலாளர், இந்த வருசம் ஆரும் முறை தவறேல்லையோ?” என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

அன்றிலிருந்துதான் நான் சொல்லைப் பார்த்து வைக்கத் தொடங்கினேன்.

அடுத்தது சிரிக்கிற கதை இல்லை. என் பக்கத்து வளவில் ஒரு பெரியவர் இருக்கிறார். அவரும் என் தகப்பனாரைப்போலக் குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்ற குடும்பம். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் கொடுத்த பேர்மிற் காணி. பேர்மிற்றில் நிபந்தனைகள் உண்டு: காணியை அபிவிருத்தி செய்யவேண்டும், அதில் இருக்கவேண்டும், அனுமதியில்லாமல் கைமாற்றக்கூடாது. சில வருடங்களுக்கு முன் அவருக்கு ஒரு கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. அவருக்குக் கண் பார்வை குறைவு, என்னிடம் கொண்டுவந்து தந்தார். ‘விடயம்: அனுமதிப்பத்திர நிபந்தனைகளுக்கு இணங்காமை’. நான் சத்தமாக வாசித்தேன். விடயத்தைத் தாண்டி வாசிக்க அவர் விடவில்லை.

“தம்பி, நான் எப்ப இணங்கமாட்டன் எண்டனான்? என்னை ஆர் கேட்டது?”

எங்களுக்கு இணங்குவதென்றால் சம்மதிப்பது. மத்தியஸ்த சபையை இங்கே இன்றைக்கும் இணக்கசபை என்றுதான் சொல்கிறோம். அங்கே இரண்டு பகுதியையும் இருத்தி, “சரி, இதுக்கு இணங்கிறீங்களோ?” என்று கேட்பார்கள். கேட்டால்தான் இணக்கமும் இணங்காமையும். ஒருவரும் கேட்காதபோது ஒருவன் எப்படி இணங்காமல் இருப்பான்? அந்தப் பெரியவர் 2008 இன் கடைசியில் எங்கள் எல்லோரையும் போல உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர். 2010 இல் செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது அவருடைய கிணறு இடிந்து கிடந்தது. தகப்பன் காலத்தில் வைத்த தென்னைகளில் அரைவாசிக்கு வட்டு இல்லை, மொட்டை மரமாக நின்றன. அதற்குப் பிறகு மகனிடம் வவுனியாவில் கொஞ்சக் காலம், இங்கே கொஞ்சக் காலம். அபிவிருத்தி செய்யவில்லை என்பது உண்மை. காணியில் தொடர்ந்து இருக்கவில்லை என்பதும் உண்மை. ‘இணங்காமை’ மட்டும் உண்மை இல்லை.

நான் அவருக்காகப் பதில் எழுதினேன். ‘நிபந்தனைகளை நிறைவேற்ற முடியாமற் போனமை’ என்று விடயம் போட்டேன். என்ன நடந்தது என்று 12 வரியில் எழுதி, கிராம அலுவலரின் கடிதமும் இணைத்தோம். கந்தோரில் இருந்தவர் நல்ல பிள்ளை, வாசித்துவிட்டு அவகாசம் கொடுத்தார். அவரிடமே கேட்டேன், ஏன் தம்பி இந்தச் சொல் என்று. “ஐயா, படிவத்தில இப்பிடித்தான் மொழிபெயர்ப்பில வந்திருக்கு, நாங்கள் பெயரையும் திகதியையும் மட்டும்தான் மாத்துறது” என்றார். அவரிலும் பிழை இல்லை. எங்கேயோ ஒரு மொழிபெயர்ப்பு மேசையில், வட்டில்லாத தென்னையைக் காணாத ஒருவர், இருக்கிற சொல்லில் ஒன்றை எடுத்து வைத்துவிட்டார்.

அந்தப் பெரியவருக்கு ஏன் அவ்வளவு சுட்டது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். திருக்குறள் அதிகாரப் பெயர்களில் ‘ஆமை’யில் முடிகிறவற்றை எண்ணிப் பாருங்கள்: கொல்லாமை, கள்ளாமை, வெஃகாமை, வெகுளாமை, அழுக்காறாமை, புறங்கூறாமை. கல்லாமையையும் நிலையாமையையும் தள்ளிவிட்டால், பெரும்பாலும் மனத்தைக் கட்டி ஒன்றைச் செய்யாமல் நிற்கிற நிலை. செய்யமாட்டேன் என்ற உறுதி அதில் உண்டு. காந்தி காலத்து ஒத்துழையாமை என்ற பெயரிலும் அதுதான் இருந்தது. 1961 இல் வடக்குக் கிழக்குக் கச்சேரிகளுக்கு, அதாவது அரச அதிபர் அலுவலகங்களுக்கு, முன்னால் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் செய்ததைச் சட்டமறுப்பு என்றோம். அவர்கள் மறுத்தார்கள், மறுக்கிறோம் என்று சொல்லித்தான் போய்க் குந்தினார்கள். அப்படிப்பட்டவர்களுக்குப் பொருந்துகிற சொல்லைக் கிணறு இடிந்த மனிதனின் தலையில் வைத்தால், அவர் செய்யாத துணிச்சல் ஒன்றுக்கு அவரைப் பொறுப்பாளியாக்குகிறோம்.

சரி, ‘மீறல்’ என்பதற்குத் திரும்பி வருகிறேன். வன்னியில் இருக்கிறவனுக்கு இந்தச் சொல் மற்ற ஊர்க்காரனுக்குக் கேட்பதுபோலக் கேட்காது. 2002 பெப்ரவரி 22 இல் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. அதிலிருந்து 2008 சனவரியில் அது முடிந்துபோகும் வரை, வானொலியைத் திருப்பினால் யுத்தநிறுத்த மீறல், மீறல், மீறல். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் இருந்து அந்தச் சொல்லைக் கேட்டோம். அது கூடக் கூட, வீட்டில் யார் யார் எங்கே என்று எண்ணத் தொடங்கினோம். நோர்டிக் நாட்டுக் கண்காணிப்பாளர்கள்கூட, வந்த முறைப்பாடு எத்தனை, அதில் மீறல் என்று தாங்கள் தீர்மானித்தது எத்தனை என்று வேறுவேறாகத்தான் கணக்கு வைத்தார்கள். முறைப்பாடு வந்த உடனே எல்லாவற்றையும் மீறல் என்று எழுதிவிடவில்லை. துவக்கு வைத்திருந்தவர்களுக்குக் கொடுத்த அந்த இடைவெளியைக் கூலியாள் வராத ஒரு பெண்ணுக்கும் கொடுக்கலாம்தானே?

அரசியலமைப்பிலும் இந்தச் சொல் இருக்கிறது. 126 ஆம் உறுப்புரையின்படி அடிப்படை உரிமை மீறல் மனு உயர் நீதிமன்றத்துக்குப் போகும். ஒரு மாதத்துக்குள் போடவேண்டும். அங்கே மீறியதாகச் சொல்லப்படுவது நிறைவேற்று அல்லது நிர்வாகச் செயல், அதாவது அதிகாரம் உள்ள கை. மனித உரிமை மீறல் என்று நாங்கள் எழுதி எழுதி, கனமேற்றி வைத்திருக்கிற சொல் இது. அதை வாய்க்காலில் புல் செருக்காதவனுக்கும் போட்டால் இரண்டு நட்டம். அவனுக்கு இல்லாத கனம் ஏறுகிறது. சொல்லுக்கு இருந்த கனம் இறங்குகிறது. நாளைக்கு உண்மையான மீறலைப் பற்றித் தாங்கள் தலைப்புப் போடும்போது, வாசகன் வாய்க்கால் துப்புரவு என்று நினைத்துப் பக்கத்தைப் புரட்டுவான்.

‘அத்துமீறல்’ என்பதை மட்டும் நான் தொடவரவில்லை. அத்து என்றால் எல்லை, அரபு வழியில் வந்த சொல் என்று அகராதி சொல்கிறது. குளத்தின் அலைகரையில் வேலி போட்டுப் பயிர் வைக்கிறவரையும் மேய்ச்சல்தரையை மடக்குகிறவரையும் அத்துமீறினார் என்று எழுதுங்கள், அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ஆனால் ஒரு மாடு கட்டறுத்துக்கொண்டு விதைத்த வயலுக்குள் போனதை ‘கால்நடைகளின் அத்துமீறல்’ என்று ஒருமுறை எங்கேயோ வாசித்துச் சிரித்தேன். மாட்டுக்கு அத்துத் தெரிந்திருந்தால் எங்களுக்குக் கட்டையும் கயிறும் வேண்டியதில்லையே.

மாடு என்றதும் இன்னொன்று நினைவு வருகிறது. பழைய இலக்கணக்காரர் ‘வழு’ என்று ஒரு நல்ல சொல் வைத்திருந்தார்கள். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழிலும் விதி பிசகினால் வழு. நன்னூலில் அப்படித்தான் இருக்கிறது. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த படி. வழுவாக இருந்தாலும் காரணம் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம், அதற்கு ‘வழுவமைதி’ என்று பெயர். பசுவைப் பார்த்து ஒருவன் ‘என் அம்மை வந்தாள்’ என்றால், அஃறிணையை உயர்திணையாகச் சொன்ன திணை வழு அது. உவப்பினால் சொன்னான், அதனால் அமையும் என்று விட்டுவிட்டார்கள். என் மனைவி காலையில் தொழுவத்துக்குப் போய் “எழும்பு பிள்ளை” என்று சொல்கிற ஒவ்வொரு தடவையும் எனக்கு இந்தச் சூத்திரம்தான் ஞாபகம் வரும். விதியை எழுதியவர்களே, பிசகியவனின் மனத்தில் என்ன இருந்தது என்று கேட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

பேரன் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறான். அவனுடைய புத்தகத்திலும் வழு இருக்கிறது. வேணியர் இடுக்கி என்ற அளக்கும் கருவியின் தாடைகளை ஒன்றோடொன்று முட்டவைத்தால் பூச்சியம் காட்டவேண்டும், காட்டாவிட்டால் அதற்குப் பெயர் பூச்சிய வழு. “அம்மப்பா, இது அளக்கிற ஆளின்ர பிழை இல்லை, கருவியிலயே இருக்கிறது. வாசிப்பில இதைக் கழிச்சுப்போட்டுத்தான் விடை எழுதவேணும்” என்று விளங்கப்படுத்தினான். பெக்கோ வருவதற்கு நான்கு நாள் முன்னதாகத் திகதி வைத்துவிட்டு எட்டுப் பேரைக் கணக்கெடுத்ததில் இருப்பது பூச்சிய வழு. எங்கள் அமைப்பும் சேர்ந்து செய்த பிழை அது. நான் இப்போது செயலாளர் இல்லை என்றாலும் அந்தக் கூட்டத்தில் நானும் கையை உயர்த்தினேன்.

எங்களுக்கு மட்டும் இந்தச் சொல் விழுவதும் எனக்கு உறுத்தல்தான். எங்களிடமிருந்து ஏதாவது பிந்தினால் மீறல், இணங்காமை, ‘தவறும்பட்சத்தில் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும்’. மேலிருந்து பிந்தினால் ‘தாமதம் ஏற்பட்டுள்ளது’. யாரும் ஏற்படுத்தாமல் தாமதம் தானாகவே முளைக்கும். நெல்லுக்கு மானியப் பசளை பிந்தி வந்த காலங்களில், பயிர் குடலைப் பருவத்துக்கு வந்தபிறகு மூட்டை வந்து இறங்கியதும் உண்டு. அப்போது ஒரு செய்தியிலும் ‘மீறினார்’ என்று நான் வாசிக்கவில்லை. வாசிக்க ஆசைப்படவும் இல்லை. பிந்தினார்கள், அவ்வளவுதான். அதே நிதானம் இந்தப் பக்கமும் வரட்டும் என்கிறேன்.

தங்கள் செய்தியாளர் பிள்ளைக்கு ஒரு வார்த்தை. கூட்டம் முடிந்ததும் கையில் கொடுக்கிற தாளில் இருக்கிற சொல்லை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். வாய்க்கால் கரையால் ஒருமுறை நடந்து வாருங்கள், அரை மணித்தியாலம்கூட ஆகாது. ‘குறித்த திகதிக்குள் வாய்க்காலைத் துப்புரவாக்கத் தவறிய விவசாயிகள்’ என்று எழுதினால் தலைப்பு நீண்டுவிடும் என்பது எனக்கும் தெரியும். ‘துப்புரவாக்காத வாய்க்கால்: தண்ணீர் தாமதம்’ என்று போட்டிருக்கலாம். தங்கள் தலைப்பைவிட அது குறைவான இடம்தான் பிடித்திருக்கும், எழுத்தை எண்ணிப் பார்த்துவிட்டேன்.

முடிப்பதற்குள் தற்போதைய நிலவரம். அந்த 13 பேரில் 11 பேர் முறை இல்லாத இரண்டு நாட்களில் இறங்கித் தங்கள் துண்டைச் செருக்கி முடித்துவிட்டார்கள். பிரசவத்துக்குப் போனவரின் துண்டை அவருடைய மருமகன் வந்து வெட்டித் தந்தார். பெண் பிள்ளையாம், தாயும் பிள்ளையும் நலம். காலில் புண் உள்ளவரின் துண்டை வருகிற ஞாயிறு நாங்கள் நாலைந்து பேராகச் சேர்ந்து செய்வதாக இருக்கிறோம், முடிவது ஞாயிறா திங்களா என்பதை வெயில்தான் சொல்லும். பந்தியின் மூலையில் இதற்கும் இரண்டு வரி கிடைத்தால் நல்லது.

மண்மூட்டைக்காரரைப் பொறுத்தவரை தங்கள் சொல் சரி. அவரை மட்டும் ‘மீறினார்’ என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூட்டையில் இரண்டு இன்னும் வாய்க்கால் கரையிலேயே கிடக்கிறது.

இப்படிக்கு,
கமக்காரர் அமைப்பின் முன்னாள் செயலாளர் ஒருவர்,
வட்டக்கச்சி, கிளிநொச்சி.